ரோஸ்மேரியின் இலவசக் குரல்

இன்றைக்கும் நல்லூரில் ரோஸ்மேரியின் குரலைக் கேட்காத ஆள் கிடையாது. டீக்கடையில் கேட்கலாம், மினி பஸ்ஸில் கேட்கலாம். ஆனால் அப்படிக் கேட்பதில் முக்கால்வாசி ரோஸ்மேரி பேசியது இல்லை. இதைச் சொன்னால் என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

அவளை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுக்கிறேன். ரோஸ்மேரி உடன்குடிப் பக்கத்துக்காரி. புருஷன் ராபின் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். என்னிடம் வேலை கேட்டு வந்தபோது அவளுக்கு மிஷின் ஓட்டத் தெரியாது. அதனால் செக்கிங் மேசையில் உட்கார வைத்தேன். தைத்து வருவதில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் இருந்தால் எடுத்து ஒதுக்க வேண்டும். அவள் ஒதுக்கின வேகத்தில் நான் கடையை மூட வேண்டியிருக்கும் போலிருந்தது.

"சின்னக் கறைதானேம்மா, தண்ணியில போயிரும். விடு" என்பேன்.

"கண்ணுல பட்டுட்டுல்லா அண்ணாச்சி, பெறவு எப்படி விட?" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். அவளோ அடுத்த பனியனை எடுத்து விரித்துக்கொண்டிருப்பாள்.

செய்தி வாசிப்பது ஒரு சாவில்தான் தொடங்கியது. தெற்கிலிருந்து வந்து லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள் யாராவது இறந்துபோனால், உடலை உடனே வண்டியில் ஏற்றிச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அடுத்த தெருவில் இருப்பவனுக்குக்கூடத் தெரியாது. அப்படித்தான் ராபினின் சிநேகிதன் ஒருவன் போனான். அவனுடைய அக்கா பக்கத்து யூனிட்டில் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். வண்டி அவள் ஜன்னலைத் தாண்டித்தான் போயிருக்கிறது. அவளுக்குத் தகவல் போனது சாயங்காலம். அந்த அக்கா மண்ணில் விழுந்து புரண்டதை ரோஸ்மேரி பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் காலையே போனில் பேசிப் பதிந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்ப ஆரம்பித்தாள்.

எழுதி அனுப்பினால் எங்கள் ஆட்களுக்கு ஆகாது. கை துணியில் இருக்கும், கால் பெடலில் இருக்கும், கண் ஊசியில் இருக்கும். காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. மிஷின்களை வரிசையாகப் பூட்டிய மேசைக்கு ஒரு ஸ்பீக்கர் என்று எல்லா யூனிட்டிலும் உண்டு. காலையில் மிஷின் போட்டதும் அதில் ரோஸ்மேரி பேசுவாள். தண்ணீர் எந்தத் தெருவுக்கு வருகிறது, கரண்ட் எப்போது போகும், எங்கே டெய்லர் தேவை, எந்த காண்டிராக்டர் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு நாள் கடத்துகிறான், இதெல்லாம் வரும். கடைசியில் சாவுச் செய்தி. அதற்கு முன்னால் ஒரு வரி சொல்வாள்: "நேர்ல போயி மொகத்தப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்." நிஜமாகவே போய்ப் பார்ப்பாள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு முதலிபாளையம் வரைக்கும் போய், இறந்தவர் முகத்தைப் பார்த்து, வீட்டு ஆளிடம் பேரைக் கேட்டுக்கொண்டு வந்த பிறகுதான் வாசிப்பாள்.

அவளால் எங்கள் பக்கம் ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. சாவு வண்டிகள் பதினோரு மணி டீ டயத்துக்கு மெயின் ரோட்டில் லாரிகளை எடை போடும் எடைமேடை பக்கம் வந்து ஐந்து நிமிஷம் நிற்கும். யூனிட்டுகளில் இருந்து ஆட்கள் டீயைக் குடிக்காமல் ஓடிவந்து முகம் பார்ப்பார்கள். மாலையோடு கூட்டம் நிற்பதைப் பார்த்தால் டிரைவர்களும் கேட்காமலே நிறுத்துவார்கள்.

ஒரு கட்டத்தில் அவள் செக்கிங் வேலையை விட்டாள். இதற்கே நாள் போதவில்லை. செய்திக்கு மாதம் முப்பது ரூபாய் என்று சொன்னாள். கேட்டதும் என் ஷெட்டில் ஒரே சிரிப்பு.

"தண்ணிக்குக் காசுங்க, காத்து வாங்க ஃபேனுக்குக் காசுங்க, இப்ப செய்திக்குமா?" என்றான் சிவராஜ். என்னிடம் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவன்.

"நான் போயி வாரதுக்குப் பெட்ரோல் ஊத்தணும்லா தம்பி" என்றாள் அவள்.

"ஓனர் ஒருத்தரு கட்டுனாப் போதும். ஸ்பீக்கர்ல எல்லாருங் கேட்டுக்கறோம்."

அதுதான் நடந்தது. யூனிட்டுக்கு ஒருவர் கட்டினார்கள், முப்பது பேர் கேட்டார்கள். அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். நானும் கட்டினேன், பெரிய மனசு ஒன்றும் இல்லை. நேரில் வந்து மூஞ்சியைப் பார்த்துக் கேட்டுவிட்டாள், வேறு வழி இல்லை.

பிறகு போனில் அந்த இன்னொன்று வந்தது, இலவசச் செய்தி. யார் நடத்துவது என்று தெரியாது. பெயரும் இல்லை, முகமும் இல்லை, காசும் இல்லை. நடுநடுவே கடன் ஆப் விளம்பரமும் ஆன்லைன் ரம்மி விளம்பரமும் வரும். காலையில் ரோஸ்மேரி வாசித்துக் கால் மணி நேரத்தில் அதே செய்திகளை அது வாசிக்கும். அதுவும் அவள் குரலில். சாயல் என்று சொல்ல முடியாது, அவள் குரலேதான். அவள் மூச்சு வாங்கும் இடத்தில் அது மூச்சு வாங்கும். அவளுக்கு வரும் வறட்டு இருமல் அதற்கும் வரும். "நேர்ல போயி மொகத்தப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்" என்று அதுவும் சொல்லும். அவள் வருஷக்கணக்கில் பேசி அனுப்பியதையெல்லாம் அள்ளிப்போட்டு யாரோ கம்ப்யூட்டரில் அந்தக் குரலைச் செய்துவிட்டார்கள்.

ஒருநாள் ரோஸ்மேரி அடுப்படியில் வாயைத் திறக்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். குளிக்கும் அறையிலிருந்து ராபின், "என்னட்டி, யாரு செத்தா?" என்று கேட்டிருக்கிறான். பக்கத்து வீட்டு போனில் அவள் பேசிக்கொண்டிருந்தாள். இதைச் சொல்லும்போது அவள் தன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஒவ்வொருவராகக் கழன்றார்கள். சும்மா கிடைப்பதற்கு யார் காசு தருவார்கள்? கடைசியில் நாற்பது பேர் மிஞ்சினோம். என் ஷெட்டிலேயே என் போனில் அவளும், சிவராஜ் போனில் அதுவும் பேசும். எது எது என்று எனக்கே சில நேரம் பிடிபடாது.

அப்போதுதான் அவள் ஒரு யோசனையோடு வந்தாள். அது திருடுகிறது என்று எல்லாருக்கும் காட்ட வேண்டும். அதற்கு, இல்லாத ஒரு சாவை வாசிக்கப் போகிறாள்.

"ஏம்மா, சாவுலயா விளையாடுவே? தண்ணி வருதுன்னு பொய் சொல்லு, போதுமே" என்றேன்.

"தண்ணின்னா வேற எடத்துல கேட்டேம்னு சொல்லிருவாவ அண்ணாச்சி. சாவு மட்டுந்தான் நான் போயிப் பாத்து எடுத்துட்டு வாரது. இல்லாத ஆளு செத்தா யாருக்கு நட்டம்?"

யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் பட்டது. பேர் மூக்கம்மாள், முதலிபாளையத்தில் வேலை, சொந்த ஊர் ஆலங்கிணற்றுப்பட்டி என்று முடிவு செய்தாள். அப்படி ஓர் ஊரே இல்லை. நாற்பது பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, நாளைய சாவுச் செய்தி பொய், பதற வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒரு எண் மட்டும் எடுக்கவே இல்லை. மாதாமாதம் ஒழுங்காகக் காசு வரும் எண். எத்தனை தரம் அடித்தாலும் மணி போய்க்கொண்டே இருந்தது. அதுதான் திருடுகிற எண்ணாக இருக்கும் என்று நினைத்தோம்.

மறுநாள் காலை வாசித்தாள். கால் மணி நேரத்தில் அது வாசித்தது. மூக்கம்மாள், ஆலங்கிணற்றுப்பட்டி, பதினோரு மணிக்கு எடைமேடையில் வண்டி நிற்கும். கூடவே, அவள் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னது: "ரொம்ப நல்ல மனுசி. எல்லாருக்கும் ஒத்தாசையா இருந்தவங்க."

டீ டயத்துக்கு நானும் ரோஸ்மேரியும் எடைமேடைக்குப் போனோம். வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்லி, இலவசத்தின் லட்சணத்தைப் பாருங்கள் என்று காட்டுவதுதான் திட்டம். நாலு பேர் வருவார்கள் என்று நினைத்தோம். ரோட்டின் இரண்டு பக்கமும் ஆள் நின்றது. மாலை வாங்கி வந்திருந்தார்கள். பூவாத்தாள் என்ற அம்மா, முதலிபாளையத்தில் பீஸ் அடுக்கும் வேலைக்குப் போகிறவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கு அவங்களைத் தெரியுங்களா?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்களா? பக்கத்துப் பக்கத்துல உக்காந்து சோறு தின்னிருக்கறமுங்க. பேருதான் மறந்துபோச்சு. காலையில கேட்டதீமு ஞாபகம் வந்திருச்சுங்க."

பொய் சொல்கிற முகம் இல்லை. கண்ணீரும் பொய் இல்லை. ரோஸ்மேரி வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் வெள்ளை வண்டி ஒன்று வந்து எடைமேடை ஓரமாக நின்றது.

நாங்கள் வரச் சொல்லாத வண்டி. டிரைவர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். உள்ளே துணி போர்த்திய ஓர் உடல் இருந்தது. கூட ஒருவரும் இல்லை.

"மூக்கம்மாள்ங்க" என்றார் டிரைவர். "ஆலங்கிணத்துப்பட்டிக்கு எப்படீங்க போறது? மேப்புல வரமாட்டீங்குது. உங்கள்ல யாருங்க கூட வர்றது?"

நல்ல வெயில். லாரிகள் போய்க்கொண்டிருக்கின்றன. ரோஸ்மேரி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம், அவள் சொன்னதாலேயே அப்படி ஒருத்தி செத்துப்போனாள் என்றுதான் நான் நினைத்தேன். அவளும் அதையேதான் நினைத்திருக்கிறாள்.

டிரைவரைக் கிளறிக் கிளறிக் கேட்டதில் விஷயம் வந்தது. முதலிபாளையத்தில் ஒரு காண்டிராக்டரின் ஷெட்டில் தங்கி வேலை பார்த்த பெண். காலையில் எழுந்திருக்கவில்லை. வேறு யாருடைய ஆதாரையோ காட்டி வேலைக்குச் சேர்ந்தவள். வயதானவர்களை எடுக்க மாட்டார்கள் என்பதால் நிறையப் பேர் அப்படித்தான் சேருவார்கள். ஊர் தெரியாது, உறவு தெரியாது. தலைவலியை எப்படித் தள்ளிவிடுவது என்று காண்டிராக்டர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் போனில் செய்தி வந்திருக்கிறது. முதலிபாளையத்தில் வேலை செய்த பொம்பளை, பேர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, வண்டி நிற்கும் இடம்கூட இருக்கிறது. "இதுதான் அவ. அங்க ஆளுக நிப்பாங்க, ஒப்படைச்சுட்டுப் போ" என்று ஏற்றிவிட்டான். டிரைவர் அவனுக்கு அடித்துப் பார்த்தார். போன் அணைந்திருந்தது.

ரோஸ்மேரி கூட்டத்தின் நடுவே போய் நின்றாள். "மூக்கம்மாள்னு ஒருத்தி இல்ல. அது நான் இட்டுக்கட்டுன பேரு. இந்த அம்மா வேற யாரோ" என்றாள்.

"காலையில நீங்களேதானுங்களே சொன்னீங்க?"

"நீங்க கேட்டது என் கொரலு இல்ல."

"உங்க கொரலு எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார்கள். பூவாத்தாள் அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "செத்தவளப் போயி இல்லைங்கறீங்களே, பாவமுங்க" என்று சொல்லி மாலையை உடல்மேல் போட்டார்.

ரோஸ்மேரி வண்டிக்குள் ஏறினாள். துணியை விலக்கி முகத்தைப் பார்த்தாள். அறுபது வயது இருக்கும், அமைதியான முகம். வலது முழங்கைக்குக் கீழே பச்சையில் வேல் குத்தியிருந்தது. இடது ஆள்காட்டி விரலில் எப்போதோ மிஷின் ஊசி ஏறி நகம் இரண்டாகப் பிளந்து வளர்ந்திருந்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, போனை வாய்க்கருகே கொண்டுபோனாள். நாற்பது பேர் குழுவுக்கு மட்டுமில்லை, அவளிடம் இருந்த எல்லாக் குழுக்களுக்கும் பேசப் போனாள்.

நான் கையைப் பிடித்தேன். "வேண்டாம்மா. சாவுச் செய்தியில பொய் சொன்னேன்னு நீயே சொல்லிட்டா, அப்புறம் உனக்குன்னு என்ன இருக்குது?"

"இவளுக்குப் பேரு இல்ல அண்ணாச்சி" என்றாள்.

பேசினாள். காலையில் தான் வாசித்த மூக்கம்மாள் பொய், அது தன் தப்பு என்றாள். இப்போது தன் எதிரே பேர் தெரியாத ஒரு பெண் கிடக்கிறாள், இன்னின்ன அடையாளம் என்றாள். தன் நம்பரைச் சொன்னாள். "காசு கட்டாதவங்களுக்கும், எல்லாருக்கும் அனுப்புங்க" என்று முடித்தாள்.

அவள் குழுவிலிருந்து ஆட்கள் வெளியேறுவது திரையில் வரிசையாக விழுந்தது. நாற்பதில் பாதிக்குமேல் அங்கேயே போய்விட்டது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் கூட்டத்தில் ஒவ்வொரு பாக்கெட்டாக அந்த இன்னொரு குரல் பேச ஆரம்பித்தது. வேல் பச்சை, பிளந்த நகம், நம்பர், எல்லாம் சரியாகச் சொன்னது. பொய் சொன்னேன் என்ற பகுதி மட்டும் இல்லை. நடுவில் குரல் உடைந்து விம்மியது. ரோஸ்மேரி அழவில்லை. அது அழுதது. அதைக் கேட்டு மொத்தக் கூட்டமும் அழுதது.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அது அப்படிப் பரப்பியிருக்காவிட்டால் அந்த போன் வந்திருக்காது. கணியூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பேர் நதியா.

"வேலு குத்தியிருக்குதுன்னு சொன்னீங்களே. எங்கம்மா இன்னிக்குக் காலையில போன்ல பேசலீங்க. மருதாள்னு பேருங்க. நகமும் அப்படித்தானுங்க இருக்கும்."

ரோஸ்மேரி மெதுவாக, "முகத்த போட்டோ எடுத்து அனுப்பட்டா தாயி?" என்றாள்.

"படமெல்லாங்கூட இப்பப் பண்ணிப்போடறாங்கன்னு அம்மா சொல்லுவாங்க. அம்மா மாசாமாசங் காசு கட்டி ஒருத்தரு செய்தியத்தான் கேப்பாங்க. அவங்க போயிப் பாக்காமச் சொல்ல மாட்டாங்கன்னு சொல்லுவாங்க. நீங்க அவங்களுங்களா, இல்லாட்டி இன்னொண்ணுங்களா?"

"நான்தான் தாயி, ரோஸ்மேரி."

"அதுவும் அப்படித்தானுங்களே சொல்லும்" என்றது அந்தக் குரல். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. "ஆளா இருந்தா நேருல வாங்க."

ரோஸ்மேரி வண்டியின் முன் ஸீட்டில் ஏறினாள். ஷெட்டை அப்படியே போட்டுவிட்டு நானும் ஏறினேன். அவளைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. ஏறியதும் அவள் குழுவில் ஒரு வரி பேசிப் போட்டாள். பேர் மருதாளாக இருக்கலாம், கணியூருக்குக் கொண்டுபோகிறோம், மகள் பார்த்த பிறகுதான் உறுதி.

தாராபுரம் தாண்டி வாய்க்கால் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தபோது டிரைவரின் போன் பேசியது. "மருதாள் அம்மாவின் உடல் சற்று முன் கணியூர் வந்து சேர்ந்தது. தாயின் உடலைக் கட்டிப்பிடித்து மகள் நதியா கதறிய காட்சி காண்போர் நெஞ்சை உருக்கியது. நேர்ல போயி மொகத்தப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்." டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எனக்கும் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. ரோஸ்மேரி மட்டும், "ஓட்டுங்க" என்றாள்.

கணியூரில் தென்னந்தோப்பு ஓரத்து வீடு. பந்தல் போடவில்லை, ஆட்கள் கூடவில்லை. வாசலில் ஒரு பெண் மட்டும் நின்றிருந்தாள். கண் காய்ந்து கிடந்தது. கையில் போன் இருந்தது. தான் கதறி அழுததை அவள் ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

ரோஸ்மேரி இறங்கிப் போய் எதிரே நின்றாள். நதியா வண்டியின் பக்கம் பார்க்கவே இல்லை. கையை நீட்டி ரோஸ்மேரியின் தொண்டைக்குழியில் விரல்களை வைத்தாள்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள்.

"உங்க அம்மா வந்திருக்காவ தாயி" என்றாள் ரோஸ்மேரி.

அந்த விரல்களுக்குக் கீழே தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். நதியா கையை எடுக்கவில்லை. அப்படியே சரிந்து அவள் தோளில் விழுந்து, அதன்பிறகுதான் அழத் தொடங்கினாள். நானும் டிரைவரும் போய் வண்டியின் பின்கதவைத் திறந்தோம்.